குளியலறைக் குழாயின் மறுமுனை

"முள்ளுல கைய வெக்காதீன்னு சொல்றதுக்கு நீ யாரு? பெரியகுட்டை என்ன உங்கப்பன் எழுதி வெச்சுட்டுப் போன சொத்தா?"

வேலாத்தாள் இதைக் கேட்டது கன்னிமார் கோயில் முன்னால், காலை பத்து மணிக்கு, ஊரே கூடி நிற்கும்போது. நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் இருபது பேர் மண்வெட்டியும் கையுமாக அவளுக்குப் பின்னால் நின்றார்கள்.

மகுடேஸ்வரன் தொண்டையைச் செருமினார். க்ஹூம். அந்தச் செருமலைக் கேட்டாலே தெருவில் ஜன்னல்கள் திறக்கும். சண்டைக்கு முன்னால் அவருக்கு அது ஒரு மணியடிப்பு. பால்காரனிடம் சண்டை போடுவதற்கும் அதே செருமல்தான், தம்பியிடம் சொத்துச் சண்டை போடுவதற்கும் அதே செருமல்தான்.

"வேலாத்தாக்கா, வாய அளந்து பேசுங்க. பெரியவங்கன்னு பாக்கறேன்."

"பாக்காத. பன்னண்டு வருசமா என்ற கெணத்துல ஒரு குடம் தண்ணி இல்ல. பேயிற மழையெல்லாம் குட்டைக்குள்ள வர வழியில்லாம முள்ளுல முட்டீட்டு முதலிபாளையம் ரோட்டுல ஆறாட்டம் ஓடுது. சர்க்காரே வேரோட புடுங்கச் சொல்லி லெட்டர் குடுத்தாச்சு. திங்கக்கெழம ஜேசிபி வருது. உனக்கு எங்க வலிக்குதுன்னு சொல்லீரு, நாங்களும் தெரிஞ்சுக்கறோம்."

எங்கே வலிக்கிறது என்று ஊருக்கு அரைகுறையாகத் தெரியும். மகுடேஸ்வரனுக்கு முழுசாகத் தெரியும். குட்டையின் மேற்குக் கரையில், நீர்வரத்து ஓடை உள்ளே இறங்கும் இடத்தில், அவர் வீட்டுச் சுற்றுச்சுவர் நிற்கிறது. சுவருக்கு வெளியே சீமைக்கருவேல முள் ஆள் நுழைய முடியாமல் மண்டிக் கிடக்கிறது. அந்த முள்ளுக்கு நடுவில் ஒரு சர்வே கல் இருக்கிறது. அந்தக் கல் வெளியே தெரிந்தால், அவருடைய குளியலறையும் சமையலறையும் மகள் வர்ஷினியின் அறையும் குட்டைக்குள் கட்டப்பட்டவை என்று யார் வேண்டுமானாலும் ஒரு கயிறு பிடித்துச் சொல்லிவிடலாம். இடித்துத் தள்ள அரைமணி நேரம் போதும். குன்னத்தூரிலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார், "கரை மேல பங்களாவாட்டம் கட்டியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"எனக்கு ஒண்ணும் வலிக்கல. இது கன்னிமாரு எடம். அவுங்க உத்தரவு இல்லாம வேர புடுங்கினா ஊருக்கு ஆகாது. பூ கேப்போம். வெள்ளப் பூ வந்தா நானே முன்னால நின்னு புடுங்கறேன். செவப்பு வந்தா எல்லாரும் ஊட்டுக்குப் போங்க."

அந்தப் பக்கத்தில் கிணறு வெட்டவும் பூ கேட்பார்கள், கல்யாணம் முடிக்கவும் பூ கேட்பார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலத்தில், சிவப்பு அரளி ஒரு பொட்டலத்தில். சாமி காலடியில் வைத்துச் சின்னப் பெண் ஒருத்தியை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் செய்யாதே. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. சாமியைச் சந்தேகப்பட்டது போல ஆகிவிடும் என்பது ஊர் வழக்கம்.

பூசாரி நல்லான் பூவுக்குத் தெருவைப் பார்த்தபோது, மகுடேஸ்வரன் இரண்டு வாழையிலைப் பொட்டலங்களை நீட்டினார். "எங்கூட்டுச் செடியிலயே பறிச்சுக் கட்டியாந்துட்டனுங்." அவர் ஒரு காரியத்துக்கு முன்கூட்டித் தயாராக வந்தது அன்றுதான் முதல் தடவை. அதிலேயே ஊர் உஷாராகியிருக்க வேண்டும்.

பாவாடை கட்டிய சின்னப் பெண் ஒரு பொட்டலத்தை எடுத்தாள். நல்லான் பிரித்தான். சிவப்பு.

எடுக்காத பொட்டலத்தை மகுடேஸ்வரன் பயபக்தியோடு சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கூட்டம் முணுமுணுத்ததும் அவருக்கு வேகம் வந்துவிட்டது. "எல்லாரும் கேட்டுக்கங்க. இனிமே இந்த முள்ளுல கத்தி வெக்கறவன் கை வெளங்காது, குலம் வெளங்காது!" என்று குட்டை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். நல்லான் மணியை அடித்துவிட்டான்.

வேலாத்தாள் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள். தூற்றவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"செரி சாமி. முள்ளு உனக்கே இருக்கட்டும். நீயே வெச்சு வாழு."

அப்போது காற்றில்லை. குட்டையில் மற்ற இடத்து முள்ளெல்லாம் சித்திரை வெயிலில் புழுதி பூசி நரைத்து நின்றன. மகுடேஸ்வரன் வீட்டுச் சுவரை ஒட்டிய அந்த ஒரு துண்டு மட்டும், அப்போதுதான் குளித்துவிட்டு வந்தது போலக் கருகருவென்று மினுங்கியது. காற்றில்லாமலேயே அது லேசாக, அவர் பக்கமாக, ஆடி நின்றது. எல்லாரும் வேலாத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதை அவர் மட்டும்தான் பார்த்தார்.

அது மினுங்கியதற்குக் காரணமும் அவருக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டுக்காரி ஒரு சொம்பு நல்லதண்ணீர் கேட்டால் 'மோட்டார் ரிப்பேருங்' என்று சொல்லும் மனிதர், பன்னிரண்டு வருடமாக அந்த முள்ளுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். குளியலறைத் தண்ணீரைச் சாக்கடைக்கு விடாமல், சுவருக்கு அடியில் ஒரு குழாய் புதைத்து, நேராகக் கல்லிருக்கும் இடத்துக்கு விட்டிருந்தார். கல் மறைய வேண்டும், முள் அடர வேண்டும். மூன்று பேர் குளித்த தண்ணீர், சோப்பும் மஞ்சளும் ஷாம்பு நுரையுமாக, தினமும் காலை ஆறரைக்கு அங்கே போய்ச் சேரும். பன்னிரண்டு வருடம். ஒரு நாள் தவறாமல்.

சாமி உத்தரவு வந்த மறுநாள் காலை, அவர் ஒரு கைப்பிடி கட்டிங் வேஸ்ட்டை எடுத்துக்கொண்டு முள்ளோரமாகக் குனிந்து போனார். வீட்டின் முன்பக்கம் அவர் வைத்திருந்தது பனியன் வெட்டித் தைத்துப் பேக்கிங் செய்யும் யூனிட். பனியன் துணி வெட்டிய மிச்சத்துக்கு அங்கே பஞ்சமே இல்லை. மஞ்சள் துணித் துண்டுகளை உருட்டிக் குழாயின் மறுமுனையில் குச்சியால் குத்தி அடைத்தார். போர்வெல்லில் உப்புத்தண்ணீர்கூடக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நல்லதண்ணீர் எட்டு நாளுக்கு ஒரு முறை. வர்ஷினியின் நிச்சயதார்த்தத்துக்குள் வாசல் தென்னை இரண்டும் பச்சையாக இருக்க வேண்டாமா? குளித்த தண்ணீரைத் தென்னைக்குத் திருப்பிவிட்டார். முள்ளை இனி எவன் தொடப்போகிறான்? காரியம் முடிந்தது. இனி எதற்கு அதற்குத் தண்ணீர்?

அன்று மாலை மனைவி சாரதாமணி துணி ஊறவைக்கும்போது சட்டைப் பையில் பொட்டலம் தட்டுப்பட்டது. பிரித்தாள்.

"ஏனுங்க. எடுக்காத பொட்டலத்துல வெள்ளைதான இருக்கோணும்?"

அவர் செய்தித்தாளை இறக்கவில்லை.

"ரெண்டுலயும் செவப்பு வெச்சிருக்கீங்க. செடியப் பாத்தன். வெள்ள அரளியில ஒரு பூவுங்கூட பறிக்கல. சாமிகிட்டயே வேலைய காட்டியிருக்கீங்க."

க்ஹூம். "உனக்கு ஊடு வேணுமா வேண்டாமா?"

"வேணும். அதுக்காக ஊர்த் தண்ணிய..."

"அப்ப வாயப் பொத்தீட்டுப் போய் வேலயப் பாரு."

அவள் பொத்திக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து தட்டை அவர் முன்னால் வைக்கும்போதெல்லாம் கொஞ்சம் ஓசையோடு வைத்தாள்.

மூன்றாம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் டைல்ஸ் தரையில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். முன்பக்கம் பவர்டேபிள் தையல் மிஷின்கள் நின்று, வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்த நேரம். வெளியே வெயில் ஒரு சத்தம் போல நின்றது. எங்கோ பக்கத்து நிட்டிங் கம்பெனியின் இரைச்சல், மின்விசிறியின் கிறுகிறுப்பு, சமையலறையில் ஈ ஒன்று பாத்திரத்தில் மோதும் மெல்லிய ஓசை, இவற்றுக்கெல்லாம் அடியில், காது தரையில் படும்போது மட்டும் கேட்கிற இன்னொரு சத்தம். இளநீர் முடிந்த பிறகும் விடாமல் குழலை உறிஞ்சுகிறவனின் சத்தம். உறிஞ்சும். நிற்கும். கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி உறிஞ்சும்.

எலி என்று நினைத்தார். எலியைத் திட்டிக்கொண்டே தூங்கிவிட்டார்.

மாலையில் குளியலறைக்குப் போனபோது, தண்ணீர் போகும் ஓட்டையின் சல்லடைத் தட்டு ஒருபக்கம் தூக்கியிருந்தது. அதன் இடுக்கில் இரண்டே இலை விட்ட ஒரு முளை. கருவேல முளை. பார்க்கப் பாவமாக, பச்சைப் பிள்ளையின் உள்ளங்கை மாதிரி இருந்தது. இரண்டு விரலால் பிடித்து இழுத்தார்.

வந்தது. வந்துகொண்டே இருந்தது. பனியன் துணியில் பிரிந்த ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் எப்படி ஓட்டமாக வருமோ அப்படி, வெள்ளையாக, ஈரமாக, முழ நீளம், இரண்டு முழம், நான்கு முழம், தரையெல்லாம் சுருள் சுருளாக வேர் விழுந்துகொண்டே இருந்தது. அதிலிருந்து கருவேலங்காய் அழுகும் இனிப்பு வாடையும், அதோடு கலந்து இன்னொரு வாடையும் வந்தது. அது அவர் மகளின் ஷாம்பு வாடை.

பிறகு மறுபக்கத்திலிருந்து அதை யாரோ இழுத்தார்கள்.

ஒரே இழுப்பு. சுருள்கள் எல்லாம் தரையை உரசிக்கொண்டு ஓட்டைக்குள் போயின. அவர் விரலிடுக்கில் இரண்டு இலை மட்டும் மிச்சம்.

அடுத்த நாளிலிருந்து வீட்டில் தண்ணீர் நிற்கவில்லை. இரவு நிரப்பி வைத்த எவர்சில்வர் அண்டா காலையில் காய்ந்து கிடந்தது. அடியில் ஓட்டை இல்லை. ஊறப்போட்ட அரிசி ஊறவில்லை. உலரப்போடுவதற்கு முன்னாலேயே துணிகள் விறைத்தன. மகுடேஸ்வரனுக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. சாரதாமணி தண்ணீரை வீணாக்குகிறாள் என்று கத்தினார். வர்ஷினி தலைக்கு ஊற்றியே தொட்டியைக் காலி செய்கிறாள் என்று கத்தினார். தெருவில் இறங்கி, "எவன்டா என்ற தொட்டியில கை வெக்கறது?" என்று பொதுவாகக் கத்தினார். தரைத்தொட்டிக்குப் பூட்டு வாங்கி மாட்டினார். தெரு ஜன்னல்களுக்குள் சிரித்துக்கொண்டது. தண்ணீருக்குப் பூட்டுப் போட்ட முதல் மனிதர் என்று பேர் வைத்தார்கள்.

லாரித் தண்ணீர் இரண்டாயிரம் லிட்டர் இறக்கிய மறுநாள், அவரே பூட்டைத் திறந்து மூடியைத் தூக்கினார்.

உள்ளே தண்ணீர் இல்லை. தலையணையைக் கிழித்து உள்ளே திணித்தது போல, நான்கு சுவரும் நிறைய வெள்ளை வேர். மயிரிழை மயிரிழையாக. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெண்மை ஒரு முறை மெதுவாக உப்பித் தணிந்தது. நடுவில், வேரில் கோத்த பூ மாதிரி, ஒரு மஞ்சள் துணித் துண்டு.

குழாயின் மறுமுனையில் அவர் அடைத்த மஞ்சள்.

மூடியைப் போட்டார். பூட்டை மறுபடி மாட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அன்றே ஆள் தேடிப் போனார். மரம் வெட்டுகிற மயில்சாமி அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டான்.

"நீங்கதானுங்க கன்னிமாரு கோயில்ல நின்னு சத்தியம் பண்ணுனீங்க? கத்தி வெக்கறவன் குலம் வெளங்காதுன்னு? எனக்கு ரெண்டு கொளந்தைங்க இருக்குதுங்க."

"அது சும்மா ஒரு பேச்சுக்குடா..."

"சாமி முன்னால சொன்னது பேச்சுங்களா?"

பொங்கலூர் வரை போய்க் கேட்டார். உத்தரவு அங்கேயும் போய்ச் சேர்ந்திருந்தது. தன் வாயால் போட்ட பூட்டு அது; அதற்குச் சாவி இல்லை. கடைசியில் தன் யூனிட்டிலேயே பேக்கிங் செய்யும் பிரமோத்தைக் கூப்பிட்டார். பீகார்க்காரன், கன்னிமாரும் தெரியாது, உத்தரவும் தெரியாது. கையில் கொடுவாளைக் கொடுத்து, சுவருக்கு வெளியே இருக்கும் முள்ளை அடியோடு சாய்க்கச் சொன்னார். கல்லைப் பிறகு ஏதாவது செய்து மறைத்துக்கொள்ளலாம்.

காலை பதினோரு மணி. பிரமோத் உள்ளே நுழைந்தான். வெட்டும் சத்தம் ஒன்று, இரண்டு, மூன்று கேட்டது. பிறகு கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து அவன் பின்னோக்கி நடந்தபடியே வெளியே வந்தான். முதுகில் முள் கிழித்த கோடுகள். கொடுவாளைக் கீழே வைத்தான். காலணி கழற்றுவது போல அவ்வளவு மரியாதையாக.

"அந்தர் ஆத்மி ஹை, சேட்."

உள்ளே ஆள் இருக்கிறான். அவ்வளவு இந்தி அவருக்குத் தெரியும். "எவன்டா? வேலாத்தா ஆளா? கோன்?"

பிரமோத் அவர் முகத்தையே பார்த்தான். பிறகு மெல்லக் கையைத் தூக்கி விரலை நீட்டினான். மகுடேஸ்வரனை நோக்கி.

"பானி மாங்தா."

தண்ணீர் கேட்கிறது. அன்று சாயந்தரமே அவன் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து வர்ஷினியின் கட்டிலுக்கு அடியில் டைல்ஸ் ஒன்று மேலே தூக்கிக்கொண்டது. அவள் காலில் முள் குத்தி எழுந்தாள். குத்திய இடத்தில் ரத்தம் வரவில்லை. உதடு வெடித்து, பிள்ளை வெளிறிக்கொண்டு வந்தாள். சாரதாமணி பெட்டியைக் கட்டினாள்.

"வேலாத்தாக்காகிட்டப் போயி நடந்ததச் சொல்லுங்க. ஊரக் கூட்டுங்க. ரெண்டும் செவப்புன்னு ஒத்துக்குங்க. ஜேசிபி வந்து வேரோட புடுங்கட்டும்."

"புடுங்கினா ஊடு போயிரும்."

"போகட்டும். இது ஊடா இப்ப?"

"பன்னண்டு வருசம்டி! ஒவ்வொரு செங்கல்லா வெச்சுக் கட்டுனது! ஒரு கெழவிக்காகவும் நாலு முள்ளுக்காகவும் உட்டுட்டுப் போவனா?"

அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் நின்று திரும்பினாள். அவளிடம் அழுகை இல்லை.

"அப்ப நீங்களே வெச்சு வாழுங்க."

வேலாத்தாள் சொன்ன அதே வார்த்தை. தெரியாமல்தான் சொன்னாள்.

அவர்கள் குன்னத்தூரில் சாரதாமணியின் அக்கா நிர்மலா வீட்டுக்குப் பஸ் ஏறிய மறுநாள் செவ்வாய்க்கிழமை. கரண்ட் பராமரிப்பு என்று ஏரியா முழுக்க மின்தடை. வேலையாட்களுக்கு லீவு விட்டாயிற்று. திருப்பூர்ப் பக்கத்தில் மின்தடை நாள் என்றால் அது ஒரு சாவு வீட்டு அமைதி. பிறந்ததிலிருந்து காதுக்குப் பழகிய மிஷின் இரைச்சல் ஒரேயடியாக நின்றுபோய், அந்த இரைச்சல் இத்தனை நாளும் எதையெல்லாம் மூடி வைத்திருந்ததோ அதெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பிக்கும். மகுடேஸ்வரன் ஹாலின் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். தரைக்கு அடியில். சுவருக்குள். கதவு நிலையின் மரத்துக்குள். உறிஞ்சும். நிற்கும். தள்ளிப் போகும்.

அவருக்குத் தாகம் எடுத்தது.

காலையில் வாங்கிய இருபது லிட்டர் கேன் காலி. பிளாஸ்டிக் உள்நோக்கி ஒடுங்கியிருந்தது. ஃப்ரிட்ஜைத் திறந்தார். பாட்டில்கள் காலி. தக்காளிகூடச் சுருங்கித் தோலாகிக் கிடந்தது. பூஜை அறைச் சொம்பில் தீர்த்தம் காலி. அதன் விளிம்பில் ஒரு வெள்ளை இழை.

தெருவில் இறங்கி ஒரு சொம்பு தண்ணீர் கேட்டிருக்கலாம். மூன்றாவது வீட்டில் வேலாத்தாள் இருந்தாள். கேட்டால் திட்டிக்கொண்டாவது கொடுத்திருப்பாள். எழுந்து வாசல் வரை போனார். தாழ்ப்பாளில் கை வைத்தார். அவளிடமா? தண்ணீருக்கா?

கையை எடுத்துவிட்டார்.

க்ஹூம், என்று செருமினார். பழக்கம்தான்.

குளியலறையிலிருந்து பதில் வந்தது.

க்ஹூம்.

அவருடைய செருமல். அதே கனம். அதே கோபம்.

கொடுவாளை எடுத்தார். குளியலறைக் கதவைக் காலால் தள்ளினார். சல்லடைத் தட்டு இல்லை. ஓட்டையும் இல்லை. அந்த இடத்தில் தரை பிளந்து, தொடை பருமனில் இரண்டு வேர்கள் வெளியே வந்து, சுவரில் சாய்ந்து நின்றன. நெருக்கமாக, இரண்டு கால்கள் நிற்பது போல. மேலே முள்ளும் இலையும். இலைகளுக்கு நடுவில் மஞ்சள் துணிகள். ஈரமில்லாத அறையில் ஷாம்பு வாடை, மஞ்சள் வாடை, அவருடைய சோப்பு வாடை. பன்னிரண்டு வருடக் காலைகளின் வாடை.

"நாய்க்குப் பொறந்த முள்ளே!"

ஓங்கி வெட்டினார்.

வெட்டு விழுந்த இடத்தில் பிசின் வரவில்லை. தண்ணீர் வந்தது. தெளிவாக, குளிர்ச்சியாக, கொஞ்சம் நுரையோடு. அதைப் பார்த்ததும் கொடுவாளைப் போட்டுவிட்டு வாயை வைத்துக் குடிக்கத் தோன்றியது. மறுபடி கையை ஓங்கினார்.

கை இறங்கவில்லை.

ஓங்கியது ஓங்கியபடி நின்றது. விரல்கள் விறைத்தன. கொடுவாள் நழுவி விழுந்தது. அதன் சத்தம் கேட்கவில்லை. குனிந்து பார்த்தார். இடது கெண்டைக்காலில், வேரில் வெட்டிய அதே உயரத்தில், ஒரு வெட்டு. வலியே இல்லை.

அதிலிருந்தும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

பாதத்தின் கீழே குளுகுளுவென்று ஏதோ. சின்னச் சின்ன வாய்கள். நூறு. ஆயிரம். ஒரு காலைத் தூக்கப் பார்த்தார். வரவில்லை. மறுகால். வரவில்லை. கத்த நினைத்தார். யாரை? வேலாத்தாளை. சாரதாமணியை. மயில்சாமியை. திட்ட வேண்டிய எல்லாரும் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். நாக்கு மரக்கட்டை.

தலை தானாக மேலே நிமிர்ந்தது. வாய் திறந்தது. மேலே ஷவர்.

தண்ணி.

தண்ணி.

தண்

மூன்று நாளாக அவர் போன் எடுக்கவில்லை என்று சாரதாமணி தனியாகத் திரும்பி வந்தாள். உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. கடப்பாரையோடு உதவிக்கு வந்தது வேலாத்தாள்தான். கதவை உடைத்து இருவரும் உள்ளே போனார்கள். தெரு மொத்தமும் வாசலில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. ஐந்து நிமிடம் கழித்து வெளியே வந்தார்கள்.

"ஊட்டுல யாரும் இல்ல," என்றாள் சாரதாமணி.

ஊரில் யார் வீட்டுக் குழம்பில் உப்புக் குறைந்தாலும் மறுநாள் எல்லாருக்கும் சொல்லிவிடுகிற வேலாத்தாளின் வாய் அன்று பூட்டிக்கொண்டது. அந்த விஷயத்தில் மட்டும் இன்று வரை திறக்கவில்லை. எத்தனையோ பேர் காபி கொடுத்தும் கேட்டுப் பார்த்தாயிற்று. அவள் வீட்டுக்குப் போய்த் தன் சொம்பில் இருந்த தண்ணீரைக் கொண்டுவந்து அந்த வீட்டுக்குள் ஊற்றிவிட்டுப் போனாள் என்பது மட்டும் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். கேரளாவில் பார்த்ததாக ஒருத்தர், காசியில் பார்த்ததாக ஒருத்தர். சர்வேயர் வந்து கயிறு பிடித்தார்; வீட்டில் பாதி குட்டைக்குள்தான் இருந்தது. ஊர் மறுபடி பூ கேட்டது, இந்தத் தடவை நல்லானே பறித்துக் கட்டினான். சிவப்பு வந்தது. மறுபடி கேட்டார்கள். சிவப்பு. அதையும் மீறி ஜேசிபி வந்தது. ஒரே ஒரு முறை வாளியை முள்ளுக்குள் இறக்கிய டிரைவர், இன்ஜினை அணைத்து, வெகுநேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். முள் இப்போது வீட்டுக் கூரைக்கு மேலே நிற்கிறது. மழைத்தண்ணீர் இன்னும் முதலிபாளையம் ரோட்டில்தான் ஓடுகிறது. வேலாத்தாளின் கிணறு இன்னும் காய்ந்துதான் கிடக்கிறது. ஒருத்தன் வீட்டைக் காப்பாற்ற ஒரு ஊரின் தண்ணீரை அடைத்தான். அவன் போய்விட்டான், அடைப்பு போகவில்லை.

வர்ஷினிக்கு ஆவணியில் கல்யாணம் நடந்தது. அதே குன்னத்தூர் மாப்பிள்ளை, அருள்செல்வன். நல்ல பையன், பங்களா போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாரதாமணியும் மகளோடு அங்கேயே போய்விட்டாள். ஆனால் அமாவாசைக்கு அமாவாசை இரண்டு பஸ் மாறி வருவாள். தெருவில் யாரிடமும் பேசமாட்டாள். அடிபம்பில் ஒரு குடம் பிடித்து, முள்ளை விலக்கிக்கொண்டு அந்தக் குளியலறைக்குள் போவாள். காலிக் குடத்தோடு திரும்புவாள். பின்ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த ஒருத்தி, சுவரில் சாய்ந்து ஒரு மரம் நிற்கிறது, ஒரு கிளை மட்டும் ஓங்கிய கை மாதிரி மேலே தூக்கியபடியே காய்ந்திருக்கிறது என்று சொன்னாள். தண்ணீர் ஊற்றியபோது சத்தம் கேட்டதா என்றதற்கு அவள் எழுந்து போய்விட்டாள்.

பங்குனியில் வர்ஷினிக்கு வளைகாப்பு. வேலை மும்முரத்தில் ஒரு அமாவாசை தவறிவிட்டது.

வளைகாப்பு முடிந்த மறுநாள் மதியம், கை நிறைய வளையலோடு வர்ஷினி குன்னத்தூர் வீட்டுக் குளியலறைக்குக் கால் கழுவப் போனாள். வாளி காலியாக இருந்தது. தண்ணீர் போகும் ஓட்டையின் தட்டு ஒருபக்கம் தூக்கியிருந்தது. அதன் இடுக்கில் இரண்டே இலை விட்ட ஒரு முளை. தண்டில் ஒரு மஞ்சள் நூல் சுற்றியிருந்தது.

அவள் அம்மாவைக் கூப்பிட வாயைத் திறப்பதற்குள், தரைக்கு அடியில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

க்ஹூம்.